மளிகைச் சாமான் விலையைக் கடைக்குக் கடை ஒப்பிடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

"நம்ம ஏரியாவில் எந்த சூப்பர் மார்க்கெட்டில் சாமான் மலிவு?" அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு கேள்வி விழுந்தால் பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பதில் வந்துவிடும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஆனால் யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் சர்க்கரை விலையை மனதில் வைத்துச் சொல்கிறார், இன்னொருவர் வாஷிங் பவுடரை, மூன்றாமவர் போன மாதம் இலவசமாகக் கிடைத்த பிளாஸ்டிக் வாளியை.

கடைக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். சர்க்கரை, சன்பிளவர் எண்ணெய், வெங்காயம், இட்லி அரிசி போன்ற சிலவற்றின் விலைதான் எல்லோருக்கும் வாயில் நிற்கும். அவற்றை வாசலில் அடுக்கி, லாபமே இல்லாத விலைக்கும் கொடுப்பார்கள். சோம்பு, பாத்திரம் தேய்க்கும் நார், சேமியா ஆகியவற்றின் விலையை யாரும் நினைவில் வைப்பதில்லை. விட்டதை அங்கே பிடித்துவிடுவார்கள். அதனால் "எது மலிவான கடை" என்று தேடினால் பதில் கிடைக்காது. நம் வீட்டு லிஸ்டுக்கு எந்தக் கடையில் எதை வாங்குவது என்று கேட்டால் கிடைக்கும். அதற்கான வழிமுறைதான் இது. தமிழ்நாட்டு நகரம் ஒன்றில் நான்கு பேர் உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். கீழே வரும் விலைகள் பெரும்பாலும் கணக்குக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் இன்றைய விலை வேறாக இருக்கும்.

முதல் படி: பழைய பில்களை எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பு வீட்டில் கிடக்கும் பில்களைத் தேடுங்கள். இரண்டு மூன்று மாதத்துப் பில் இருந்தால் போதும். கடை பில் வெப்பத்தால் அச்சாகும் காகிதம் என்பதால் சீக்கிரம் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். பில் எதுவுமே இல்லை என்றால் இந்த மாதம் முழுக்கச் சேர்த்து வைத்துவிட்டு, அடுத்த மாதம் இந்த வேலையைத் தொடங்கலாம்.

பில்லில் ஐம்பது அறுபது பொருள் இருக்கும். எல்லாவற்றையும் ஒப்பிட நினைத்தால் இரண்டாம் நாளே அலுத்துப்போகும். மாதத்துக்கு எவ்வளவு பணம் போகிறது என்ற வரிசையில் அடுக்குங்கள். அரிசி, எண்ணெய், துவரம் பருப்பு, உளுந்து, காபித்தூள் அல்லது டீத்தூள், சர்க்கரை, மிளகாய், மல்லி, புளி, நெய், வாஷிங் பவுடர், குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, ஆட்டா, பிஸ்கட். அநேகமாக எந்த வீட்டிலும் பதினைந்து, இருபது பொருளுக்குள் பெரும்பகுதிச் செலவு அடங்கிவிடும். ஒப்பிட வேண்டியது அவ்வளவுதான்.

கடுகு, வெந்தயத்தை விட்டுவிடுங்கள். மாதத்துக்கு 100 கிராம் கடுகு வாங்கும் வீட்டில் கிலோவுக்கு 20 ரூபாய் வித்தியாசம் என்றாலும் மிச்சம் 2 ரூபாய்தான். ஆனால் கொஞ்சமாக வாங்கினாலும் விலை அதிகமான சில பொருள்கள் உண்டு: ஏலக்காய், மிளகு, முந்திரி, பெருங்காயம். இவற்றை லிஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஏலக்காயில் 50 கிராமுக்கே கடைக்குக் கடை நல்ல வித்தியாசம் தெரியும்.

இரண்டாம் படி: லிஸ்டை மூன்றாகப் பிரியுங்கள்

இதைச் செய்தால் பாதி வேலை குறையும்.

எங்கே போனாலும் ஒரே விலை உள்ளவை முதல் வகை. ஆவின் பால் இதற்கு நல்ல உதாரணம். பாக்கெட்டில் அச்சிட்ட விலைதான் எல்லா இடத்திலும். சில கடைகளில் "கூலிங் சார்ஜ்" என்று ஒரு ரூபாய் கூடக் கேட்பார்கள், எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். இந்த வகையை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கம்பெனி பாக்கெட்டில் வருபவை இரண்டாம் வகை: சோப்பு, பற்பசை, பிராண்ட் எண்ணெய், பிராண்ட் டீத்தூள். எந்தக் கடையில் வாங்கினாலும் அதே பொருள் என்பதால் ஒப்பிடுவது சுலபம். எம்.ஆர்.பி.யில் எவ்வளவு குறைத்துக் கொடுக்கிறார்கள், பாக்கெட்டில் எத்தனை கிராம் என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

மூன்றாம் வகைதான் சிக்கலானது. அரிசி, பருப்பு, உளுந்து, புளி, மிளகாய் எல்லாம் உதிரியாகவோ கடையின் சொந்த பாக்கெட்டிலோ வருகின்றன. இங்கே எம்.ஆர்.பி.யை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கடை தன் பாக்கெட்டில் 210 என்று அச்சிட்டு 149-க்குக் கொடுத்தால், அந்த 210-க்கு அர்த்தம் ஒன்றுமில்லை. அதை அச்சிட்டதும் அவர்கள்தான். தரத்தைப் பார்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும். இதற்குத் தனியாக வருகிறேன்.

காய்கறியை இந்த மூன்றிலும் சேர்க்காதீர்கள். தினம் மாறும் விலையை மாத அட்டவணையில் எழுதிப் பயனில்லை. பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் அங்கே அன்றன்று எழுதிப்போடும் விலைப்பலகையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர் மார்க்கெட் தக்காளி நியாயமான விலையா இல்லையா என்று சொல்ல அது போதும். முட்டைக்கும் அப்படி ஒரு அளவுகோல் உண்டு. நாமக்கல் மண்டலத்தின் பண்ணை விலையை முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிப்பது நாளிதழ்களில் வந்துவிடும். உங்கள் கடை அதற்கு மேல் எத்தனை பைசா வைக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

ஏமாறுகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

முன்பு எண்ணெய், டீ, காபி, பிஸ்கட் போன்றவற்றைக் குறிப்பிட்ட அளவுகளில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று விதி இருந்தது. 2021-ல் கொண்டுவந்த திருத்தத்தில் அந்த அட்டவணையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்றார்கள். ஆக, இப்போது எந்த அளவிலும் பாக்கெட் வரலாம். ஒரு லிட்டர் பாக்கெட் போலவே தெரியும் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 840 கிராம் என்று இருக்கலாம்.

சமையல் எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை இருக்கும். இந்த ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் 1 லிட்டர், அதாவது 910 கிராம் பாக்கெட் 150 ரூபாய். இன்னொரு கடையில் 840 கிராம் பாக்கெட் 142 ரூபாய். பார்த்தவுடன் இரண்டாவது 8 ரூபாய் குறைவு. கிலோவுக்குப் போட்டுப் பாருங்கள்: 150-ஐ 0.91-ஆல் வகுத்தால் சுமார் 165 ரூபாய். 142-ஐ 0.84-ஆல் வகுத்தால் 169 ரூபாய். மலிவு என்று நினைத்ததுதான் கிலோவுக்கு 4 ரூபாய் அதிகம். போனில் இருக்கும் கால்குலேட்டரில் பத்து விநாடி வேலை.

பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் கிராம் விலையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. கடை தள்ளுபடி கொடுக்கும்போது அந்த எண் பொருந்தாது. இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அது உதவும். இரண்டு கடைகளை ஒப்பிட நீங்களேதான் வகுக்க வேண்டும்.

அரிசி மூட்டையில் இதே சங்கதி வேறு விதமாக வரும். 2022 ஜூலை 18 முதல் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. ஆனால் 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு அந்த வரி கிடையாது. அதனால்தான் 26 கிலோ சிப்பம் என்று ஒன்று திடீரென்று எல்லா அரிசிக் கடையிலும் முளைத்தது. 25 கிலோ மூட்டை 1,525 ரூபாய், 26 கிலோ மூட்டை 1,560 ரூபாய் என்றால் மூட்டை விலையில் முன்னது குறைவு, கிலோ விலையில் பின்னது குறைவு: 61-க்கு 60. வீட்டில் வைக்க இடமும், வண்டு விழாமல் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் 26 கிலோவே லாபம்.

பெரிய பாக்கெட் வாங்கினால் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. பெரும்பாலும் சரிதான். ஷாம்பு அதற்கு நேர் எதிர். நம் கடலூரிலிருந்து கிளம்பி நாடெங்கும் பரவிய சாஷே ஷாம்பு, இன்றும் பல பிராண்டுகளில் மில்லி கணக்கில் பாட்டிலைவிட மலிவாகத்தான் இருக்கிறது. சாஷேயின் பின்பக்கம் எத்தனை மில்லி என்று பார்த்து விலையை வகுங்கள், பாட்டிலுக்கும் அப்படியே. சாஷே குப்பை சேருமே என்று பாட்டில் வாங்குவது வேறு விஷயம், அதைத் தெரிந்து செய்யலாம். இதே போல நான்கு சோப்பைச் சேர்த்து விற்கும் பாக்கெட்டையும் எடைபோட்டுப் பாருங்கள். தனி சோப்பு 100 கிராம், அந்தப் பாக்கெட்டில் உள்ள ஒவ்வொன்றும் 75 கிராம் என்று இருப்பது சகஜம்.

நான்காம் படி: ஒரே தரமா என்று பாருங்கள்

துவரம் பருப்பு ஒரு கடையில் 138, இன்னொன்றில் 150. உடனே முதல் கடை என்று எழுதிவிடாதீர்கள். பருப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரிய ரகமா, சின்னதா? உடைசல் எவ்வளவு? தோல் ஒட்டியிருக்கிறதா? எண்ணெய் பூசிப் பளபளவென்று இருக்கிறதா? உடைசலும் குருணையும் சேர்ந்த பருப்பு சாம்பாருக்கு ஒன்றும் குறையாது. கூட்டுக்கும் வடைக்கும் அதைப் போட்டால் வித்தியாசம் தெரியும். எது உங்கள் தேவையோ அந்தத் தரத்தை இரண்டு கடையிலும் தேடி, அந்த இரண்டு விலையை மட்டும் எழுதுங்கள்.

உளுந்தை நான் ஒப்பிடும் முறையைச் சொல்கிறேன். இரண்டு கடையிலும் கால் கிலோ முழு உருட்டு உளுந்து வாங்க வேண்டும். வேறு வேறு நாளில், அதே டம்ளரால் ஒரு டம்ளர் அளந்து, ஒரே நேரம் ஊறவைத்து, ஒரே கிரைண்டரில், ஒரே அளவு நேரம் ஆட்ட வேண்டும். மாவை அதே பாத்திரத்தில் வழித்து, வெளியே மாவு நின்ற உயரத்தில் ஒரு பேனா கோடு. நல்ல உளுந்து பந்து போலப் பொங்கி விரல் நுனியில் நிற்கும், தண்ணீரும் அதிகம் வாங்கும். பழைய உளுந்து அல்லது மட்டமான ரகம் அடியில் படுத்துக்கிடக்கும். இட்லிக்கு ஒரு பிடி கூடப் போட வேண்டி வரும். கிலோவுக்கு 10 ரூபாய் கூடக் கொடுத்தாலும் மாவு கூடுதலாகக் கண்டால் அதுதான் மலிவு. கோடு எவ்வளவு மேலே ஏறியது என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

அரிசிக்கும் இதே முறை. பொன்னி என்று போர்டில் எழுதியிருப்பதெல்லாம் ஒரே பொன்னி இல்லை. கர்நாடகா பொன்னி, டீலக்ஸ் பொன்னி, ராஜபோகம் என்று பெயர்கள் வரிசையாக வரும், அதற்குள் பழைய அரிசி, புது அரிசி வேறு. புது அரிசி குழையும், சாதம் அதிகம் காணாது. பழையது உதிரியாக வந்து நன்றாகக் காணும். விலையும் சற்றுக் கூட. எத்தனை மாதப் பழசு என்று கேட்டால் அரிசிக் கடைக்காரர் சொல்வார். சூப்பர் மார்க்கெட் ஊழியருக்கு அநேகமாகத் தெரியாது. மூட்டையில் பாக்கெட் போட்ட மாதத்தைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை, அதுவும் அறுவடை மாதத்தைச் சொல்லாது. அதனால் புதுக் கடையில் முதலில் 1 கிலோ வாங்கி வடித்துப் பார்த்துவிட்டு மூட்டைக்குப் போங்கள்.

புளியில் கொட்டை, நார், ஓடு எல்லாம் எடையில் சேர்ந்தே வருகின்றன. கொட்டை எடுக்காத புளி கிலோ 120, எடுத்தது 180 என்றால் அரைக் கிலோ கொட்டைப் புளியை வாங்கி உட்கார்ந்து கொட்டை எடுத்து, மிஞ்சியதைச் சமையலறைத் தராசில் வைத்து, அதற்குக் கிலோ விலை போட்டுப் பாருங்கள். பலமுறை நான் பார்த்தவரை வித்தியாசம் பெரிதாக இருப்பதில்லை, கை வலிதான் மிச்சம். மிளகாயில் குண்டூர் நீட்டு மிளகாயையும் ராமநாதபுரம் குண்டு மிளகாயையும் ஒரே வரிசையில் எழுதக்கூடாது. அவை இரண்டும் வேறு பொருள்.

காபித்தூளுக்கு லேபிளைப் படித்தாலே போதும். சிக்கரி கலந்த காபியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி, எத்தனை சதவீதம் என்பதையும் அச்சிட வேண்டும். சிக்கரி மலிவு. அதனால் 53-க்கு 47 கலவையையும் 80-க்கு 20 கலவையையும் விலையில் மட்டும் ஒப்பிட்டால் முன்னதுதான் எப்போதும் ஜெயிக்கும். ஒரே விகிதம் உள்ளவற்றை மட்டும் எதிரெதிரே வையுங்கள். அரைத்துக் கொடுக்கும் கடை என்றால் விகிதத்தை நீங்களே சொல்லி வாங்கலாம்.

ஐந்தாம் படி: விலை எடுக்கப் போவது

மூன்று கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய சங்கிலிக் கடை, உங்கள் ஊரிலேயே வளர்ந்த ஒரு டிபார்ட்மெண்டல் ஸ்டோர், தெருமுனை அண்ணாச்சி கடை. நான்காவதாக ஒரு கூட்டுறவுக் கடையோ அரசுக் கடையோ இருந்தால் நல்லது: சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் காமதேனு, அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்தும் அமுதம் அங்காடி, கோவையில் கூட்டுறவு சிந்தாமணி. அந்த வரிசையில் நுழையாமலே எத்தனையோ பேர் விலை அதிகம் என்று புலம்புகிறார்கள்.

எல்லாக் கடைக்கும் ஒரே வாரத்துக்குள் போய்விடுங்கள். முதல் தேதி ஒட்டி ஒரு கடைக்கும், 25-ஆம் தேதி இன்னொரு கடைக்கும் போனால் ஆஃபர் காலம் மாறியிருக்கும், ஒப்பீடு செல்லாது. தீபாவளிக்கு முந்தைய வாரம், பொங்கலுக்கு முந்தைய வாரம் வேண்டாம். கடலை மாவு, நெய், வெல்லம், பச்சரிசி எல்லாம் அப்போது வழக்கமான நிலையில் இருக்காது.

விலைச்சீட்டைப் படம் எடுப்பதைச் சில கடைகளில் தடுப்பார்கள். சண்டை வேண்டாம். இந்த மாதச் சாமானை மூன்றாகப் பிரித்து மூன்று கடையிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குங்கள், பில்லே ஆதாரமாகிவிடும். மற்றதைப் போனில் டைப் செய்துகொள்ளலாம். அண்ணாச்சியிடம் நேராகவே, "அண்ணாச்சி, மாசச் சாமான் மொத்தமா உங்ககிட்டயே எடுத்தா என்ன விலை போடுவீங்க?" என்று கேளுங்கள். அவர் கடையில் மட்டும்தான் விலை பேச முடியும். வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவார், பருப்பு சரியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வார், மாதக் கடைசியில் எழுதி வைத்துக்கொள்வார். இதற்கெல்லாம் அட்டவணையில் கட்டம் கிடையாது, ஆனாலும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகளிலும் விலை வேறாக இருக்கலாம். ஆப் விலையும் கடை விலையும் வேறாக இருக்கலாம். பத்து நிமிட டெலிவரி ஆப்களை ஒப்பிடும்போது பொருள் விலையை எழுதாதீர்கள். கூடையில் எல்லாவற்றையும் போட்டு, டெலிவரி கட்டணம், கையாளும் கட்டணம், சின்னக் கூடைக்கான கட்டணம் எல்லாம் ஏறிய பிறகு பணம் கட்டும் திரையில் வரும் மொத்தத்தை எழுதுங்கள்.

ஆறாம் படி: அட்டவணை

லாங் சைஸ் நோட்டோ, போனில் ஒரு ஷீட்டோ, எது கை வருமோ அது. பொருள், ரகம் அல்லது பிராண்ட், கிலோ விலை கடை வாரியாக, மாதத் தேவை, தேதி. தேதியை மறக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 அன்று குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியது. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கு வந்தன. அதற்கு முன்பு எழுதிய விலையை வைத்து இன்று ஒரு கடையை மெச்சுவதோ திட்டுவதோ நியாயமில்லை.

நிரப்பியதும் எப்படி வரும் என்று ஆறு பொருளில் காட்டுகிறேன்.

அரிசி 26 கிலோ: முதல் கடையில் 1,560, இரண்டாம் கடையில் 1,612.
துவரம் பருப்பு 3 கிலோ: 450, 414.
உளுந்து 3 கிலோ: 420, 438.
கடலை எண்ணெய் 3 லிட்டர்: 570, 534.
சர்க்கரை 3 கிலோ: 138, 126.
வாஷிங் பவுடர் 2 கிலோ: 240, 264.

கூட்டினால் முதல் கடை 3,378, இரண்டாம் கடை 3,388. வித்தியாசம் வெறும் 10 ரூபாய். ஆளுக்கு ஒரு கடையில் வாங்கும் இருவர், தங்கள் கடைதான் மலிவு என்று சத்தியம் செய்யலாம். ஒருவர் அரிசியைக் காட்டுவார், மற்றவர் எண்ணெயைக் காட்டுவார். ஆனால் அரிசி, உளுந்து, வாஷிங் பவுடரை முதல் கடையிலும், பருப்பு, எண்ணெய், சர்க்கரையை இரண்டாம் கடையிலும் வாங்கினால் 3,294. அதாவது 84 ரூபாய் மிச்சம். முழு லிஸ்டுக்கும் இப்படிப் பிரித்தால் இன்னும் கூடும்.

இதில் போக்குவரத்தைக் கழிக்க வேண்டும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் போகும் ஸ்கூட்டரில், பெட்ரோல் 100 ரூபாய் சொச்சம் என்றால், போக வர 6 கிலோமீட்டருக்கு 14 ரூபாய் அளவில் ஆகும். 70 ரூபாய் நிற்கும். ஆட்டோவில் போனால் ஒன்றும் நிற்காது, கைக்காசுதான் போகும். இரண்டாம் கடையின் மூன்று பொருளும் கெடாதவை என்பதால் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கலாம். ஒரே பயணம், இரட்டை மிச்சம். ஆபீஸ் போகும் வழியில் கடை இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

ரேஷன் கார்டில் கிடைப்பதை முதலில் கழித்துவிட்டு மாதத் தேவையை எழுதுங்கள். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எந்த சூப்பர் மார்க்கெட் ஆஃபரும் இதன் பக்கத்தில் வர முடியாது. 3 கிலோ பருப்பில் 1 கிலோ அங்கே வாங்கினால், மீதி 2 கிலோவுக்குத்தான் கடை தேட வேண்டும்.

ஏழாம் படி: ஆஃபரைப் பிரித்துப் பார்ப்பது

"ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால் பாதி விலை. உங்கள் லிஸ்டில் உள்ள பொருள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், காலாவதித் தேதியை மட்டும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு. லிஸ்டில் இல்லாத பொருளுக்கு அது பாதி விலைச் செலவு.

"1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் சர்க்கரை கிலோ 19 ரூபாய்" என்பதுதான் அதிகம் இழுக்கும். சர்க்கரையில் மிச்சம் 25 ரூபாய் வரும். 1,500-ஐத் தொடுவதற்காகக் கடைசியில் கூடையில் விழுந்த சிப்ஸும் ஜூஸும் எவ்வளவு என்று பில்லில் பாருங்கள். பாயிண்ட் கார்டையும் சதவீதமாக மாற்றுங்கள்: 100 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், நான்கு பாயிண்டுக்கு ஒரு ரூபாய் என்றால் கால் சதவீதத் தள்ளுபடி. அதற்காகக் கடை மாற வேண்டியதில்லை.

எம்.ஆர்.பி. மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் சுரண்டிப் பாருங்கள். விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் அசல் விலையை மறைக்காமல். கூட்டி ஒட்டக்கூடாது.

எட்டாம் படி: பில்லோடு ஒத்துப்பார்ப்பது

அலமாரிச் சீட்டில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. இது நான் போகும் கடை ஒன்றில் மாதா மாதம் ஏதாவது ஒரு பொருளில் நடக்கிறது. சீட்டை மாற்ற மறந்துவிட்டோம் என்பார்கள். காட்டினால் குறைத்தும் கொடுப்பார்கள். காட்டாவிட்டால் யாரும் தானாகக் குறைக்கப் போவதில்லை. பில் போட்டதும் கவுண்டரை விட்டு நகராமல், உங்கள் அட்டவணையின் முதல் ஐந்து பொருளை மட்டுமாவது சரிபாருங்கள். ஒரே பொருள் இரண்டு தடவை ஸ்கேன் ஆகியிருக்கிறதா, பைக்குத் தனிக் காசு போட்டார்களா என்பதையும். மஞ்சப்பை கையில் இருந்தால் அந்தச் செலவு இல்லை.

கடையே பாக்கெட் போட்ட பருப்பை அங்கே உள்ள தராசில் வைத்துப் பார்க்கத் தயங்க வேண்டாம். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலோ எடை குறைந்தாலோ கடையில் பேசித் தீராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. மாவட்ட அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம். பில் முக்கியம்.

எப்போது மறுபடி பார்ப்பது?

கம்பெனி பாக்கெட்டுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். உதிரிச் சாமான்களுக்கு அறுவடைக் காலம்தான் கணக்கு. துவரை வடக்கே மகாராஷ்டிரா, கர்நாடகாவில் மார்கழியிலிருந்து மாசி வரை சந்தைக்கு வரும். புளி, மிளகாய், மல்லிக்கு மாசி, பங்குனி, சித்திரை. நம் வீடுகளில் பெரியவர்கள் வருஷத்துச் சாமானை அந்த மாதங்களில் வாங்கி, வெயிலில் காயவைத்து எடுத்து வைத்ததற்குக் காரணம் இதுதான். இன்றும் புளி, மிளகாய், மல்லி மூன்றையும் மாதா மாதம் சூப்பர் மார்க்கெட்டில் ஒப்பிடுவதைவிட வருஷத்துக்கு ஒருமுறை மொத்தக் கடையில் வாங்குவது நல்லது. மதுரையில் கீழமாசி வீதி, கோவையில் ரங்கே கவுடர் வீதி, திருச்சியில் காந்தி மார்க்கெட் என்று ஊருக்கு ஒரு இடம் இருக்கிறது. தனியாக அவ்வளவு வாங்க முடியாது என்றால் பக்கத்து வீடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போகும் முன் நாளிதழில் வரும் விருதுநகர் சந்தை நிலவரத்தைப் பாருங்கள். கடலை எண்ணெய் 15 கிலோ டின் விலையும், பருப்பு மூட்டை விலையும் அதில் இருக்கும். 15 கிலோ டின் என்பது ஏறக்குறைய பதினாறரை லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு மொத்த விலை தெரிந்துவிடும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம் உள்ளிட்ட பொருள்களின் தினசரிச் சில்லறை விலையை ஊர் வாரியாக இணையத்தில் வெளியிடுகிறது. முன்பு 22 பொருள், 2024 ஆகஸ்ட் முதல் 38. தமிழ்நாட்டு நகரங்களும் அதில் உண்டு. உங்கள் மூன்று கடையும் அந்தச் சராசரிக்கு மேலே இருந்தால், நான்காவதாக ஒரு கடையைத் தேடும் நேரம் வந்துவிட்டது.